பதினெட்டைச் சரிபார்க்க ஒரு மொழி

வினார்த்திக்கு நாற்பத்து மூன்று வயதில் கம்ப்யூட்டர் மொழி படிக்கிற ஆசை வந்தது. ஆசை என்றுகூடச் சொல்ல முடியாது. அவளுக்கு ஒரு கணக்கைச் சரிபார்க்க வேண்டியிருந்தது. இருபது வருஷமாக மனசுக்குள் கிடக்கிற கணக்கு. அதை இன்னொருத்தரிடம் கொடுத்துப் பார்க்கச் சொல்ல அவளுக்குப் பிடிக்கவில்லை, தானே போட்டுப் பார்க்க வேண்டும் என்றிருந்தாள். இது எனக்கே பின்னால்தான் தெரிந்தது. கடைக்கு வருகிற காலேஜ் பிள்ளைகளுக்குத் தெரியாது. அதனால் ஆளாளுக்கு அவளுக்குப் புத்தி சொல்லக் கிளம்பிவிட்டார்கள்.

எங்கள் கடை ஜாவாத் தீவில், சோலோ நகரத்தில், யுனிவர்சிட்டியின் பின்பக்க கேட்டுக்கு எதிரே இருக்கிறது. ஜெராக்ஸ், பைண்டிங், கல்யாணப் பத்திரிகை. நான் சர்ஜு. காகிதம் வெட்டுகிற மெஷினும் பசை டப்பாவும் என் பொறுப்பு. வினார்த்தி கம்ப்யூட்டரில் உட்கார்ந்து பத்திரிகை அடிப்பாள். ஒரு எழுத்து தள்ளி நின்றாலும் அவளுக்குச் சோறு இறங்காது. முதலாளி ஹாஜி குனாடிக்கு வேலை என்று ஒன்றும் கிடையாது, வாசலில் உட்கார்ந்து வருகிறவர் போகிறவரிடம் வாயடிப்பதைத் தவிர.

அந்தக் கணக்கு என்னவென்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எங்கள் ஜாவாவில் ஏழு நாள் வாரம் ஒன்று ஓடும். அதோடு ஐந்து நாள் சந்தை வாரம் ஒன்றும் கூடவே ஓடும். லெகி, வாகே, வாகேக்கு அடுத்தது கிளிவோன் என்றெல்லாம் அந்த ஐந்துக்கும் பேர் உண்டு. ஒருத்தர் பிறந்த கிழமைக்கு ஒரு எண், சந்தை நாளுக்கு ஒரு எண். பொண்ணுக்கும் மாப்பிள்ளைக்கும் சேர்த்துக் கூட்டினால் வருகிற தொகையை வைத்துப் பொருத்தம் சொல்வார்கள். வினார்த்திக்கு இருபத்து மூன்று வயசில் பிரிஹாடி என்று ஒருத்தன் வந்தான். மோட்டார் பைக் மெக்கானிக், நல்ல பையன். இரண்டு பேருக்கும் உயிர். அவன் வெள்ளி லெகி, பதினொன்று. இவள் செவ்வாய் வாகே, ஏழு. இவளுடைய பெரியப்பா கர்தோ கூடத்தில் எல்லாரையும் உட்கார வைத்து, பஞ்சாங்கத்தைப் பிரித்து, பதினெட்டு என்றார். எங்கள் பக்கத்துக் கணக்கில் பதினெட்டு என்றால் பிரிவு. ஒன்று சண்டை போட்டுப் பிரிவார்கள், இல்லை ஒருத்தர் போய்ச் சேருவார். மாப்பிள்ளை வீட்டார் டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போனார்கள்.

வினார்த்தி மூன்று நாள் அழுதாள். நாலாம் நாள் கடைக்கு வந்துவிட்டாள். அடுத்த வருஷம் பிரிஹாடிக்கு வேறு இடத்தில் கல்யாணம் ஆயிற்று, நல்லவேளை அந்தப் பத்திரிகையை எங்கள் கடையில் அடிக்கவில்லை. அதற்கப்புறம் இவளுக்கு இரண்டு வரன் வந்தது, வேண்டாம் என்றாள். ஏன் என்று நான் கேட்டதில்லை, அவளும் சொன்னதில்லை.

கம்ப்யூட்டர் படிக்கிற பிள்ளைகள் புராஜெக்ட் ரிப்போர்ட்டைப் பைண்ட் பண்ணக் கொண்டு வருவார்கள். கடைசியில் நாற்பது பக்கம் புரியாத எழுத்தாக இருக்கும். பல வருஷமாக அதை அடித்துக் கொடுத்துக்கொண்டிருந்தவள் ஒருநாள், "இது என்னடா, மந்திரமா?" என்று ஒருத்தனைக் கேட்டாள். "இல்லக்கா, இது மெஷினுக்குச் சொல்ற வேலை. கணக்கெல்லாம் போடும்" என்றான். "என்ன கணக்கு?" "எந்தக் கணக்கு வேணும்னாலும்." மறுநாள் என்னிடம், கம்ப்யூட்டர் மொழி படிக்கப்போவதாகச் சொன்னாள்.

ஹாஜியார் காதில் விழுந்தால் சும்மா இருப்பாரா? "எதுக்கு யோசனை? ஜாவான்னே ஒரு மொழி இருக்காமே! நம்ம தீவு பேரை வச்சிருக்கான் வெள்ளைக்காரன். ஜாவாக்காரி ஜாவா படிக்காம வேற எவ படிப்பா?" என்று தொடையில் தட்டினார். அவருக்கு அதில் ஏகப்பட்ட பெருமை. யாரோ ஒரு பையன் விட்டுப்போன தடிப் புத்தகத்தை அவரே தேடி எடுத்து, தூசி தட்டி, அவள் மேஜையில் வைத்தார். மொழியைத் தேர்ந்தெடுக்க இதைவிடக் கேவலமான காரணம் இருக்க முடியாது. ஆனால் எங்கள் ஊரில் அந்த மொழியை ஆரம்பித்த பாதிப் பேர் அந்தப் பெயருக்காகத்தான் ஆரம்பித்திருப்பார்கள் என்பது என் எண்ணம்.

வினார்த்தி மூன்று வாரம் அந்தப் புத்தகத்தோடு மல்லுக்கட்டினாள். ஒரு கையில் தெம்பே வறுவல், இன்னொரு கையில் புத்தகம். மூன்றாவது வாரக் கடைசியில் மூடி வைத்தாள்.

"என்னாச்சு?" என்றேன்.

"திரையில ஒரு வணக்கம் காட்டணும்ணே. அதுக்கு முன்னால இது அவங்களைக் கூப்பிடு, இவங்களைக் கூப்பிடு, இன்னாருக்கு இன்ன உரிமைன்னு சொல்லுங்குது. நம்ம கல்யாண மேடையில மைக் பிடிக்கிறவரு தோத்தாரு. அவராவது அரை மணி நேரத்துல பொண்ணு மாப்பிள்ளை பேருக்கு வந்துடுவாரு."

ஹாஜியார் இரண்டு நாள் அவளோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. தீவையே அவமானப்படுத்திவிட்டாளாம்.

அடுத்து வந்தான் ஃபட்லான். கம்ப்யூட்டர் கடைசி வருஷம். தலையில் எண்ணெய், வாயில் நாலு இங்கிலீஷ் வார்த்தை. "அக்கா, யாராவது சொல்றதைக் கேட்டுக் கெட்டுப் போகாதீங்க. ஜாவாஸ்கிரிப்ட் படிங்க. வெப்சைட் பண்ணலாம். இப்ப அதுக்குத்தான் மவுசு" என்றான். அவனே பக்கத்தில் உட்கார்ந்து ஒரு வாரம் காட்டிக் கொடுத்தான். குறை சொல்லக்கூடாது, நல்லாத்தான் காட்டினான். ஒரு நீலப் பொத்தான், அழுத்தினால் சிவப்பாகும். அவள் அழுத்தினாள். சிவப்பாயிற்று. இன்னொரு தடவை அழுத்தினாள். நீலமாயிற்று.

"மாறிடுச்சு. அப்புறம்?" என்றாள்.

"அப்புறம் பெரிய பெரிய பக்கமெல்லாம் பண்ணலாம். வேலை கிடைக்கும்க்கா."

"எனக்கு வேலை இருக்குடா."

"வெளியூர்ல கிடைக்கும். ஜகார்த்தால கூட."

"நான் ஜகார்த்தா போகணும்னு உங்கிட்ட சொன்னேனா?"

ஃபட்லான் என்னைப் பார்த்தான். நான் பசை தடவிக்கொண்டிருந்தேன். அவனைச் சொல்லிக் குற்றமில்லை, எந்த மொழி படித்தால் எங்கே வேலை என்றுதான் அவனுக்கு எல்லாரும் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். இன்னொருத்தி போனுக்கு ஆப் பண்ணச் சொன்னாள். ஒருத்தன் கேம் பண்ணலாம் என்றான். எல்லாருக்கும் தலையை ஆட்டினாள், ஒன்றும் படிக்கவில்லை. இனிமேல் இந்தப் பேச்சு ஓய்ந்தது என்று நானும் நினைத்தேன்.

அப்போதுதான் முந்நூறு கல்யாணப் பத்திரிகை பாழாயிற்று. கல்யாண நாளின் சந்தை நாளைத் தப்பாக அடித்துவிட்டாள். பஞ்சாங்கத்தில் ஒரு பக்கம் ஒட்டிக்கொண்டிருந்ததாம், ஒரு மாதம் தள்ளிப் பார்த்துவிட்டாளாம். நல்ல கனமான அட்டை, தங்க எழுத்து, நான் ஓரமெல்லாம் வெட்டி முடித்து அடுக்கியாயிற்று. பொண்ணு வீட்டுக்காரர் வந்து ஒரு பார்வை பார்த்தார், "எங்களைக் கெட்ட நாள்ல கல்யாணம் பண்ண வைக்கிறீங்களா?" என்று கத்தினார். எனக்கு வந்த ஆத்திரத்தில் நான் அவளைப் பிடித்துக்கொண்டேன்.

"உனக்கு மனசு எங்கே இருக்கு? ஒரு மாசம் அதைப் படிக்கிறேங்கிறே, ஒரு மாசம் இதைப் படிக்கிறேங்கிறே. அப்படி என்ன எழவைத்தான் பண்ணணும் உனக்கு?"

"நாள் எண்ணணும்ணே."

"என்னது?"

"தேதியைக் கொடுத்தா கிழமையும் சந்தை நாளும் வரணும். எண் வரணும். ரெண்டு பேருக்குக் கூட்டணும். பஞ்சாங்கம் இல்லாம, யாரையும் கேட்காம."

"எந்த ரெண்டு பேருக்கு?"

கேட்டு முடிப்பதற்குள்ளேயே எனக்குப் புரிந்தது. சே, ஏன் கேட்டோம் என்றிருந்தது. அதற்கப்புறம் நான் கத்தவில்லை.

பாழான அட்டைகளை எடுத்து அவள் தன் பக்கம் வைத்துக்கொண்டாள். மறுநாளிலிருந்து எந்த மொழி நல்ல மொழி என்று அவள் யாரையும் கேட்கவில்லை. மொழி தெரிந்த பிள்ளை எவன் வந்தாலும் ஒரு பேனாவையும் ஒரு அட்டையையும் நீட்டினாள். "நம்ம நாட்டுக்குச் சுதந்திரம் கிடைச்ச அன்னிக்கு, நாற்பத்தஞ்சு ஆகஸ்ட் பதினேழு, வெள்ளி லெகி. அது ஊருக்கே தெரியும். அதுலேருந்து நான் சொல்ற தேதி வரைக்கும் எத்தனை நாள்னு எண்ணணும். ஏழால வகுத்தா மிச்சம் கிழமை, அஞ்சால வகுத்தா மிச்சம் சந்தை நாள். உன் மொழியில இதை எழுது. எனக்கு விளக்கம் சொல்லாதே, எழுதிட்டுப் போ."

இந்த யோசனை அவளுக்கு எங்கிருந்து வந்ததோ, நான் ஆச்சரியப்பட்டுப் போனேன். மீன் வாங்கப் போகிறவள் கடைக்காரன் பேச்சைக் கேட்காமல் செவுளைத் தூக்கிப் பார்ப்பாளே, அந்த மாதிரி.

மூன்று அட்டை தேறியது. ஒவ்வொன்றையும் வாய்விட்டுப் படித்துப் பார்த்தாள். எது தனக்கே புரிகிறதோ அதுதான் தன் மொழி என்றாள். ஜாவாவில் எழுதியவன் முன்பக்கம் பின்பக்கம் முடித்து இரண்டாவது அட்டை கேட்டான். அது அங்கேயே தோற்றது. ஃபட்லான் எழுதியதைப் பாதி வரைக்கும் படித்துவிட்டு நிறுத்தினாள்.

"இங்க ஏன்டா ஏழுன்னு போட்டிருக்கே?"

"அது ஆகஸ்ட்க்கா."

"ஆகஸ்ட் எட்டாவது மாசம்."

"இந்த மொழியில மாசத்தைச் சுழியத்துலேருந்து எண்ணுவாங்க. ஜனவரி சுழியம். அதனால ஆகஸ்ட் ஏழு."

"தேதி?"

"தேதி ஒண்ணுலேருந்துதான்."

வினார்த்தி அட்டையைக் கீழே வைத்தாள். "மாசத்தைத் தப்பாப் பார்த்துத்தான் முந்நூறு பத்திரிகை குப்பைக்குப் போச்சு. எனக்கு இது ஆகாதுடா. உன் மேல கோபமில்ல" என்றாள். நான் சிரித்த சிரிப்பில் ஃபட்லான் முகம் தொங்கிப் போயிற்று.

மூன்றாவது அட்டையை எழுதியது லரஸ். அவள் கம்ப்யூட்டர் படிக்கிற பெண்ணே கிடையாது. உயிரியல். ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு வயல்களில் தவளை எண்ணுகிறவள். ரிப்போர்ட் அடிக்க வந்தவளிடமும் இவள் அட்டையை நீட்டினாள். "எனக்குத் தெரிஞ்சது பைத்தான்தான். அதுவும் தவளையை எண்ண மட்டும்" என்று சொல்லிவிட்டு ஏழு வரி எழுதினாள். பேனாவை மூடிவிட்டுத் தன் வேலையைப் பார்க்கப் போய்விட்டாள். இதைப் படி, அதைப் படி என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை.

வினார்த்தி அதைப் படித்தாள். இன்னொரு தடவை படித்தாள். "அண்ணே, இது நான் வாயால சொன்ன மாதிரியே இருக்கு" என்றாள்.

"அந்த மொழியில பளபளன்னு வெப்சைட் முகப்பெல்லாம் பண்ண முடியாதுக்கா" என்று ஃபட்லான் முனகினான்.

"எனக்கு முகப்பு வேண்டாம்."

அப்படித்தான் அவள் மொழி முடிவாயிற்று. அதற்கப்புறம் நாலு மாசம் சாப்பாட்டு நேரமெல்லாம் அதுதான். அந்த மொழியில் வரிகளை இடம் விட்டு, உள்ளே தள்ளி, ஒழுங்காக எழுத வேண்டுமாம். ஒரு இடைவெளி பிசகினாலும் ஓடாதாம். பிள்ளைகள் எல்லாம் அதைத் திட்டுவார்கள். இவளுக்கோ அதுதான் ரொம்பப் பிடித்தது. இருபது வருஷமாகப் பத்திரிகையில் எழுத்தை நேராக நிறுத்திக்கொண்டிருக்கிறவள் அல்லவா. "மெஷின்கூட இதைக் கவனிக்குது பாருங்க. நீங்கதான் கவனிக்கிறதில்ல" என்று எனக்கு ஒரு குத்து.

ஒரு புதன்கிழமை மதியம் அவள் எழுதியது ஓடியது. சுதந்திர தினத்தைக் கொடுத்தாள், வெள்ளி லெகி என்றது. ஹாஜியார் பிறந்த தேதியைக் கொடுத்தாள், சரியாகச் சொன்னது. என்னுடையதும் சரி. அப்புறம் தன் தேதியை அடித்தாள். செவ்வாய் வாகே, ஏழு. பிரிஹாடியின் தேதியை அடித்தாள். பார்க்காமலே அடித்தாள், விரலுக்குத் தெரிந்திருந்தது. வெள்ளி லெகி, பதினொன்று. கூட்டு பதினெட்டு.

நான் பின்னால் நின்றுகொண்டிருந்தேன். உண்மையைச் சொன்னால் எனக்குத்தான் ஏமாற்றம். வேறு ஏதாவது வரும், அந்தக் கிழவர் தப்புப் பண்ணியிருப்பார் என்று நான் ஒரு பக்கம் எதிர்பார்த்துக்கொண்டிருந்தேன். அவளோ நிமிர்ந்து உட்கார்ந்து நீளமாக மூச்சு விட்டாள்.

"பெரியப்பா தப்புப் பண்ணலண்ணே. சரியாத்தான் போட்டிருக்காரு."

அன்றைக்குச் சாயங்காலம் எல்லாருக்கும் வாழைக்காய் பஜ்ஜி வாங்கிக் கொடுத்தாள். அவள் அவ்வளவு லேசாக நடந்து நான் பார்த்ததில்லை.

ஹாஜியார் விடுவாரா? பத்திரிகை அடிக்க வருகிறவர்களுக்கு நாள் பொருத்தம் இலவசம் என்று வாசலில் பேனர் கட்டிவிட்டார். பொண்ணு தேதி, மாப்பிள்ளை தேதி, கல்யாணத் தேதி சொன்னால் ஒரு சீட்டு வரும். ஜனங்களுக்குப் பிடித்துவிட்டது. ஒரு அம்மா மட்டும், "என் மகனுக்கு இது தப்பு" என்று தகராறு பண்ணினார். "கம்ப்யூட்டர் பொய் சொல்லாதும்மா" என்று நான்தான் அவரை அனுப்பிவைத்தேன். பெரிய மேதாவி நான்.

ஒன்பதாம் நாள் ஒரு புருஷனும் பெஞ்சாதியும் வந்தார்கள். மகளுக்குக் கல்யாணமாம். நான் தலையைத் தூக்கிப் பார்த்தேன். பிரிஹாடி. தொப்பை போட்டு, தலை நரைத்து, ஆனால் அதே பிரிஹாடி. ஊர் சின்னதுதான், வழியில் பார்த்தால் தலையசைத்துக்கொள்வார்கள். கடைக்குள் வந்ததில்லை. பெஞ்சாதிக்கு விஷயம் தெரியாது என்று பார்த்த உடனே தெரிந்தது. தெரிந்தவள் இங்கே கூட்டிக்கொண்டு வருவாளா?

"நல்லாயிருக்கியா வினா?" என்றான்.

"இருக்கேன். உட்காருங்க. பொண்ணு தேதி சொல்லுங்க" என்றாள், எல்லாரையும் கேட்கிற மாதிரியே.

சீட்டு வந்தது. பெஞ்சாதி வாங்கிப் பார்த்தார், திருப்பிக் கொடுத்தார். "தப்பா இருக்கும்மா. என் பொண்ணு திங்கட்கிழமை. நீங்க ஞாயிறுன்னு போட்டிருக்கீங்க."

"தேதி ஞாயிற்றுக்கிழமைதாம்மா வருது."

"தேதி ஞாயிறுதான். ஆனா அந்தி மஃரிப் பாங்கு சொன்னதுக்கு அப்புறம்ல பிறந்தா! நல்லா ஞாபகம் இருக்கு, ஆஸ்பத்திரிப் பள்ளிவாசல்ல தொழுகை முடிஞ்சு செருப்புச் சத்தம் கேட்டுச்சு. பொழுது சாய்ஞ்சா அடுத்த நாள்தானேம்மா?"

வினார்த்தியின் முகம் அப்படியே வெளுத்துவிட்டது. எங்கள் கணக்கில் நாள் தொடங்குவது சூரியன் விழுந்தவுடன். இது இந்த ஊரில் பால் குடிக்கிற பிள்ளைக்குத் தெரியும். வியாழக்கிழமை இருட்டினால் அது வெள்ளிக்கிழமை ராத்திரி, பேய் வரும், வெளியே போகாதே என்று மிரட்டித்தான் எங்களை எல்லாரையும் வளர்த்தார்கள். அது அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். இருந்தும் நாலு மாசத்தில் இரண்டு பேருக்கும் தோன்றவில்லை.

"மன்னிச்சுக்குங்கம்மா. மெஷின்ல நாள் நடுராத்திரிக்குத்தான் மாறும். நாலு மாசம் அதோடயே பேசிப் பேசி எனக்கும் அந்தப் புத்தி வந்துடுச்சு" என்றாள். அங்கேயே அவர்கள் கண் முன்னால் ஒரு கேள்வியைச் சேர்த்தாள். மஃரிபுக்கு முன்னா, பின்னா? பத்து நிமிஷ வேலை. சீட்டு சரியாக வந்தது. பத்திரிகைக்கு மாதிரி பார்த்து, அட்டை நிறம் சொல்லிவிட்டு அவர்கள் கிளம்பிப் போனார்கள்.

அவர்கள் போன பிறகும் அவள் அந்தக் கேள்வியையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவள் என்ன யோசிக்கிறாள் என்று எனக்குத் தெரியும். அவளுடைய அம்மா அவளுக்கு இரண்டு வயசாக இருக்கும்போதே போய்விட்டார். அப்பா வெளியூர் பஸ் டிரைவர், இவள் பிறந்து ஐந்தாம் நாள்தான் வீட்டுக்கு வந்தார். மருத்துவச்சி கொடுத்த காகிதத்தைக் கொண்டுபோய் ஆபீஸில் கொடுத்துப் பிறப்புச் சான்றிதழ் வாங்கினார். சான்றிதழில் தேதி இருக்கும். மணி இருக்காது. பெரியப்பா அந்தச் சான்றிதழை வைத்துத்தான் கணக்குப் போட்டார்.

மறுநாள் லீவு போட்டுவிட்டு கிளாத்தெனில் இருக்கிற தன் அண்ணன் வீட்டுக்குப் பஸ் ஏறினாள். அதற்கு அடுத்த நாள் காலையில் ஒரு பிளாஸ்டிக் உறையோடு வந்தாள். அண்ணன் பீரோவில் நிலப் பத்திரத்துக்கு அடியில் கிடந்ததாம் மருத்துவச்சியின் காகிதம்.

"ஒரு காப்பி எடுத்துக் கொடுங்கண்ணே."

ஊரில் இருக்கிற எல்லார் பிறப்புக் காகிதத்தையும் அந்தக் கண்ணாடி மேல் நான் வைத்திருக்கிறேன். ஒன்றையும் படித்ததில்லை. இதைப் படித்தேன். பெண் குழந்தை. செவ்வாய்க்கிழமை. மாலை ஆறு ஐம்பது.

ஆறு ஐம்பதுக்கு மஃரிப் முடிந்து பாய் சுருட்டியிருப்பார்கள். அப்படியானால் அவள் செவ்வாய் வாகே கிடையாது. புதன் கிளிவோன். ஏழு இல்லை, பதினைந்து. பிரிஹாடி பகலில் பிறந்தவன், அவனுக்கு மாற்றமில்லை. பதினைந்தும் பதினொன்றும் இருபத்தாறு. எங்கள் பக்கத்தில் இருபத்தாறு வந்தால் கூடத்தில் இருக்கிற கிழவிகள் எல்லாம் அல்ஹம்துலில்லாஹ் என்பார்கள். கடைசி மூச்சு வரைக்கும் நிம்மதி என்று அர்த்தம்.

எனக்கு அப்படியே பற்றிக்கொண்டு வந்தது. "அந்தக் கிழவன் ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா? எத்தனை மணிக்குப் பிறந்தான்னு ஒரே ஒரு வார்த்தை! ஊர்ல எல்லாப் பிள்ளைக்கும் கேட்பானே, சொந்தத் தம்பி மகளுக்குக் கேட்க வாய் வரலையா?"

"மெதுவாண்ணே. அவரு செத்து ஆறு வருஷமாச்சு."

"செத்தா? செத்தா எல்லாம் சரியாப் போச்சா?"

"அச்சடிச்ச காகிதம் கையில இருந்துச்சு, அதை நம்பிட்டாரு. நானும் அதைத்தான் நம்பினேன். நாலு மாசம் உட்கார்ந்து படிச்சு, நானும் அதே தப்பைத்தான் பண்ணினேன். எனக்குக் கேட்கத் தோணுச்சா?" என்றாள். அழவில்லை. காகிதத்தை மேஜையிலேயே விட்டுவிட்டுக் கம்ப்யூட்டர் பக்கம் திரும்பினாள். நான்தான் எடுத்து உறைக்குள் போட்டு, அவள் டிராயரில் வைத்தேன்.

அன்றைக்கு மதியம் அவள் சாப்பிடாமல் வேலை பார்த்தாள். கம்ப்யூட்டரில் எழுதி வைத்ததில் இன்னும் இரண்டு வரி சேர்த்தாள். மணி தெரியாது என்று யாராவது சொன்னால் இனிமேல் சீட்டு வராது. தெரிந்துகொண்டு வாருங்கள் என்று மட்டும் வரும். பாதிப் பேர் முணுமுணுத்துக்கொண்டே போனார்கள். ஹாஜியார், "இலவசமாத் தர்றதுல இவ்வளவு கெடுபிடியா?" என்று குதித்தார். அவள் காதில் வாங்கவில்லை. தகராறு பண்ணின அந்த அம்மாவின் போன் நம்பரைப் பழைய பில்லில் தேடி எடுத்து, கூப்பிட்டு மன்னிப்புக் கேட்டாள். பேச வேண்டியது நான், பேசியது அவள்.

சனிக்கிழமை பத்திரிகையை வாங்க பிரிஹாடி தனியாக வந்தான். கட்டு இன்னும் தயாராகவில்லை, கடைசி ஓரம் வெட்டிக்கொண்டிருந்தேன். அவன் அவள் மேஜைக்குப் பக்கத்தில் நின்றான். திரையில் அந்தக் கேள்வி திறந்தே இருந்தது. மஃரிபுக்கு முன்னா, பின்னா? சும்மா நிற்கிறவன் எதையாவது படிப்பான் இல்லையா, அப்படிப் படித்தான். அப்புறம் இன்னொரு தடவை படித்தான். அவன் முகம் மாறுவதை நான் பார்த்தேன். வெட்டுகிறதை நிறுத்திவிட்டேன்.

"வினா" என்றான். "அன்னிக்கு உங்க பெரியப்பா இதைக் கேட்டாரா?"

அவள் கீ போர்டிலிருந்து கையை எடுக்கவில்லை.

"நீ எத்தனை மணிக்குப் பிறந்தே?"

பிளாஸ்டிக் உறை அவளுடைய மேஜை டிராயரில் இருந்தது. எனக்குத் தெரியும், நான்தான் அதில் வைத்தேன். நான் வாயைத் திறந்தேன். அவள் என்னைப் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டேன்.

"பகல்ல" என்றாள். "பதினொண்ணரை இருக்கும். அண்ணன் சொல்லியிருக்காரு."

"நிச்சயமா?"

"நிச்சயமா."

பிரிஹாடி மேஜையைப் பிடித்திருந்த கையை எடுத்தான். அவன் மூச்சு விட்டது வெட்டும் மெஷின் வரைக்கும் கேட்டது. "அப்ப கணக்கு சரிதான். நான் ஒரு நிமிஷம் என்னவோன்னு நினைச்சுட்டேன்" என்று சிரித்தான்.

"சரிதான்" என்றாள் அவளும்.

நான் கட்டைக் கொடுத்தேன். அவன் ஒரு பத்திரிகையை உருவி, அவளுடைய பேரும் என் பேரும் எழுதி, குடும்பத்தோடு வந்துவிட வேண்டும் என்று இரண்டு பேரிடமும் சொல்லிவிட்டுப் போனான். பைக் சத்தம் முக்கு திரும்புகிற வரைக்கும் நான் மெஷினைத் தொடவில்லை. கோபம் யார் மேல் என்றே எனக்குத் தெரியவில்லை.

வினார்த்தி அவன் கொடுத்த பத்திரிகையை டிராயரில், அந்த உறைக்கு மேலே வைத்து மூடினாள். அடுத்த ஆர்டரைத் திறந்தாள்.

"அண்ணே, இந்த மாப்பிள்ளை வீட்டு நம்பர் உங்ககிட்டதானே இருக்கு? போன் போட்டு அவரு எத்தனை மணிக்குப் பிறந்தாருன்னு கேளுங்க" என்றாள்.